மின்சாரம் கேட்காத ரேடியோ

சேலையூர் வாசகி ஒருவர் தாத்தாவின் பெட்டியைக் குடைந்துவிட்டுக் கடிதம் எழுதியிருந்தார். செம்புக் கம்பி சுற்றிய உருளை, பளபளக்கும் கருங்கல் துண்டு, காதில் மாட்டும் கருவி. பேட்டரிக்கு இடமே இல்லையாம். இது எப்படிப் பாடியிருக்கும் என்பது அவர் கேள்வி.

அது கிரிஸ்டல் செட். சென்னையின் முதல் ரேடியோ நேயர்கள் பலர் கேட்டது இப்படிப்பட்ட கருவியில்தான்.

கிருஷ்ணசாமி செட்டி என்ற ஆர்வலர் 1924 மே மாதம் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பமானது. டிரான்ஸ்மிட்டரின் திறன் 40 வாட். வீட்டு மின்விசிறி ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு இழுக்கும்! பிறகு 200 வாட் கருவி வந்தது. ஆனாலும் பணமுடை தீரவில்லை. 1927-இல் கிளப் மூடப்பட்டது. கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. செட் வாங்க வசதியில்லாதவர்கள் மெரினா ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938 ஜூன் 16 அன்றுதான்.

இனி அந்தக் கல். அது கலீனா, காரீயத்தின் தாது. அதன்மேல் மெல்லிய கம்பியின் முனை பட்டும் படாமல் நிற்க வேண்டும். சரியான புள்ளி அமைந்தால் மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே எளிதாகப் பாயும். அலையில் ஏறிவந்த குரல் காதுக்கருவியில் கேட்கும். ஏரியல் பிடித்த அலையின் ஆற்றலே போதும், வேறு மின்சாரம் தேவையில்லை. ஆனால் மேசை லேசாக அதிர்ந்தாலும் புள்ளி தவறிவிடும், கச்சேரி நின்றுவிடும். மறுபடி கம்பியை நகர்த்தித் தேட வேண்டும், வெகு பொறுமையாக. கலீனாவின் இந்தக் குணத்தைப் பயன்படுத்திய கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். இன்றைய டயோடுக்கு முன்னோடி அது.

இவ்வளவு பெரிய விஷயம் பழைய இரும்போடு எடைக்குப் போவது வேதனை. வாசகி அதைப் பத்திரப்படுத்த வேண்டும். தாம்பரம் வட்டாரப் பள்ளிகள் இதைச் செய்து பார்க்கவும் வேண்டும்: கலீனாவுக்குப் பதில் ஜெர்மேனியம் டயோடு, அதிக மின்தடையுள்ள இயர்போன், மொட்டை மாடியில் நீளமான கம்பி, நல்ல எர்த். பண்பலை இதற்குச் சரிப்படாது. மத்திய அலை ஒலிபரப்பு வேண்டும். உலகின் பல நாடுகளில் மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஆகவே அடுத்த அறிவியல் கண்காட்சிக்கே இதைச் செய்துவிடுவது நல்லது.