அயர்லாந்தின் தோல்வியும் நமது கடமையும்

தேச விவகாரங்களை ஆராயும் இப்பக்கத்திலே பந்தாட்டத்துக்கு என்ன இடம் என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். அதிலும் நம்மவர் ஆட்டமன்று. கடல் கடந்த அயர்லாந்து தேசத்தாரின் ஆட்டம். அவர்கள் ஜயித்த கதையுமன்று, தோற்ற கதை. காவிரி தமிழ்நாட்டிற் புகும் ஒகேனக்கல்லில் இருந்துகொண்டு அயர்லாந்தைப் பற்றி எழுதுவானேன் என்றும் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்லுவோம். பிறர் அடைந்த தோல்வி சிலவேளைகளில் நம்முடைய நடத்தைக்கே சாட்சி சொல்லும். 2023-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கிரிக்கெட் கோஷ்டி அடைந்த அபஜயங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை.

அயர்லாந்தின் பெயர் நம் நாட்டுத் தேசபக்தர்களுக்குப் புதியதன்று. 1916-இல் அன்னி பெஸண்டு அம்மையார் சென்னையிலே ஸ்தாபித்த ஹோம் ரூல் லீகின் பெயரே அயர்லாந்திலிருந்து வந்ததுதான். நாம் அந்நியத் துணியை விலக்கினோம். அவர்களோ அந்நிய விளையாட்டையும் விலக்கினார்கள். 1884-இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம், கிரிக்கெட் முதலிய ஆங்கில விளையாட்டுகளில் ஈடுபடும் அங்கத்தினரை நீக்கிவிடும் விதி ஒன்றை வகுத்து, அதை 1971 வரையில் நடத்தி வந்தது. முன்பு கிராமந்தோறும் பரவியிருந்த கிரிக்கெட் சில பட்டணங்களில் மட்டும் ஒதுங்கி உயிர் தரித்தது. இன்றைய கோஷ்டியில் ஒரு விசேஷம் உண்டு. தேசம் இரண்டாகப் பிரிக்கப்பட்ட போதிலும், டப்ளின் வாசியும் பெல்பாஸ்ட் வாசியும் இக்கோஷ்டியில் ஒன்றாகவே நிற்கிறார்கள். அரசியல் பிரித்ததை ஆட்டம் பிரிக்கவில்லை.

இவர்கள் திறமையில்லாதவர்களென்று எவரும் எண்ணவேண்டாம். 2007 மார்ச்சு 17-ஆம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், நம்மவர் வங்காள தேசத்தாரிடம் தோற்ற அதே நாளில், அயர்லாந்தார் பாகிஸ்தானை வென்றார்கள். 2011 மார்ச்சு 2-ஆம் தேதி நமக்கு அண்டை நகரமாகிய பெங்களூரிலே இங்கிலாந்து 327 ரன்கள் குவித்தது. அயர்லாந்து 111 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. அந்நிலையில் கெவின் ஓபிரையன் ஐம்பதே பந்துகளில் சதம் அடித்து, தன் தேசத்துக்கு வெற்றி தேடித்தந்தார். 2015-இல் மேற்கிந்தியரும் அவர்களிடம் தோற்றனர். இத்தகைய வெற்றிகளைக் கண்ட பின்னரே, 2017 ஜூன் மாதத்தில், சர்வதேசக் கிரிக்கெட் கௌன்சில் அயர்லாந்துக்கு முழு அங்கத்தினர் பதவியும் டெஸ்ட் ஆடும் உரிமையும் அளித்தது.

பதவி கிடைத்தது; பலன் கிடைத்ததா என்பதே கேள்வி. சிறு தேசங்கள் பெரிய தேசங்களை வென்று காட்டிய பிறகு, உலகக் கோப்பையில் ஆடும் கோஷ்டிகள் 14-இலிருந்து 10-ஆகக் குறைக்கப்பட்டன. 2019 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு இடமில்லை. ஆனால் அவ்வாண்டு கோப்பையை வென்ற இங்கிலாந்தின் தலைவர் மோர்கன், டப்ளினிற் பிறந்து அயர்லாந்துக்காக ஆடத் தொடங்கியவர்! வளர்ந்த பிள்ளை வசதி தேடி அயல்வீடு சென்ற கதையன்றி இது வேறென்ன? அதே மாதத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் அயர்லாந்தார் இங்கிலாந்தை 85 ரன்களுக்குள் சுருட்டினார்கள். ஆயினும் இரண்டாம் இன்னிங்ஸில் தாமே 38 ரன்களுக்கு வீழ்ந்து தோற்றார்கள். அதன் பின்னர் அவர்களுக்கு அடுத்த டெஸ்ட் ஆட்டம் கிடைத்தது எப்பொழுது? ஏறக்குறைய நான்கு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில்!

நான்கு வருஷம் வழக்காடாத வக்கீலைத் திடீரென்று ஹைகோர்ட்டிலே நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? டாக்காவில் நடந்த ஆட்டத்தில் அயர்லாந்தின் நிலைமை அதுவே. இரண்டாம் இன்னிங்ஸில் தொடக்கமே சரிந்தது. ஆயினும் முதன்முறையாக டெஸ்ட் ஆடிய லோர்கன் டக்கர் சதம் அடித்து மானங்காத்தார். ஏழு விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. அங்கிருந்து இலங்கைக்குச் சென்றார்கள். காலியில் நடந்த முதல் ஆட்டத்தில், பிரபாத் ஜயசூரியாவின் சுழற்பந்துகளுக்கு விடை காணாமல், மூன்றாம் நாளிலேயே ஓர் இன்னிங்ஸும் 280 ரன்களும் வித்தியாசத்தில் வீழ்ந்தார்கள்.

அடுத்த ஆட்டம் அதே காலியில். ஒரு வாரத்துக்குள் பாடம் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஸ்டிர்லிங் 103, கேம்பர் 111, தலைவர் பால்பர்னி 95. மொத்தம் 492 ரன்கள்! இவ்வளவு குவித்தவர் தோற்பாரென்று யார் நினைப்பார்கள்? இலங்கையோ மூன்றே விக்கெட்டுகளை இழந்து 704 ரன்கள் குவித்தது. மறுபடியும் இன்னிங்ஸ் தோல்வி. இம்முறை வித்தியாசம் 10 ரன்கள். 2016-இல் நம் சேப்பாக்கத்திலே இங்கிலாந்து 477 ரன்கள் எடுத்தும் இன்னிங்ஸ் தோல்வி அடைந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கும் மேற்பட்ட ரன்கள் எடுத்துத் தோற்றவர்கள் அயர்லாந்தார்.

மே மாதத்தில் வங்காள தேசத்தாருடன் ஒருநாள் ஆட்டங்கள். அவை அயர்லாந்தார் தம் சொந்த மண்ணில் நடத்தவேண்டிய ஆட்டங்கள். நடந்ததோ இங்கிலாந்தில் செம்ஸ்போர்டு நகரத்தில். மழைக்குப் பயந்து அங்கே சென்றார்கள். மழையும் உடன் சென்றது. முதல் ஆட்டம் மழையில் கரைந்தது. உலகக் கோப்பைக்கு நேராகத் தகுதி பெறும் வாய்ப்பும் அதனுடன் கரைந்தது. ஜூன் தொடக்கத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கெதிரே டெஸ்ட். பத்து விக்கெட் தோல்வி. இங்கிலாந்தின் தலைவர் ஸ்டோக்ஸ் மட்டை பிடிக்காமலும், பந்து வீசாமலும், விக்கெட் காவாமலும் ஜயித்த முதல் டெஸ்ட் தலைவரென்று பெயர் பெற்றார். எதிரியின் படைத்தலைவன் வாளை உருவாமலே வென்றான் என்பது தோற்றவனுக்கு எத்தகைய வேதனை! எனினும் அந்த ஆட்டத்திலும் அடேர் 88 ரன்களும், மெக்பிரைன் ஆட்டமிழக்காமல் 86 ரன்களும் எடுத்து, இங்கிலாந்தை மறுபடியும் மட்டை பிடிக்கும்படி செய்தார்கள்.

பின்னர் ஜிம்பாப்வே தேசத்தில் உலகக் கோப்பைக்கான தகுதிப் பந்தயங்கள். முதலில் ஓமானிடம் தோல்வி. அடுத்து ஸ்காட்லாந்திடம் கடைசிப் பந்தில் ஒரே விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. அதன் பின் இலங்கையிடம் 133 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அத்துடன் கதை முடிந்தது. வாய்ப்புத் தவறிய பின் ஐக்கிய அரபு நாட்டாருக்கெதிரே ஸ்டிர்லிங் 162 ரன்கள் அடித்து ஜயித்தார். ஆனால் அறுவடை முடிந்தபின் பெய்த மழையால் யாருக்கு என்ன பயன்? ஜூலை மாதத்தில் பால்பர்னி ஒருநாள் ஆட்டங்களின் தலைமையைத் துறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நம் நாட்டிலே உலகக் கோப்பை நடந்தபோது, பெங்களூரில் இங்கிலாந்தை வீழ்த்திய தேசத்தார் பார்வையாளராக இருந்தார்கள்.

இத்தோல்விகளில் ஆட்டக்காரர்களின் குற்றம் இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. ஓமானிடம் தோற்றதற்குக் கௌன்சிலைக் குறை கூறுவது நேர்மையன்று. ஆனால் நீச்சல் பழக ஆறு வேண்டும். 2018-இல் தொடங்கி 2023 முடிய ஆறு வருஷங்களில் அயர்லாந்துத் தன் மண்ணில் ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று. டப்ளினுக்கருகே மாலஹைட் மைதானத்தில், தற்காலிகக் கொட்டகைகள் அமைத்து ஆடியது. டெஸ்ட் சாம்பியன் பந்தயத்தில் ஒன்பது தேசங்களுக்கு இடம் உண்டு, அயர்லாந்துக்கு இல்லை. 2025-இல் ஆப்கானிஸ்தானத்துடன் தன் மண்ணில் நடத்தவிருந்த ஆட்டங்களையும் பணமுடையால் கைவிட நேர்ந்தது. ஆடினால் நஷ்டம், ஆடாவிட்டால் பழக்கமில்லை, பழக்கமில்லாவிட்டால் தோல்வி, தோற்றால் வருவாயில்லை. இச்சக்கரத்தில் சிக்கியவன் தானாக மீள்வது அரிது.

இந்நிலை நமக்குத் தெரியாததன்று. நாம் முதல் டெஸ்ட் ஆடியது 1932-இல், லார்ட்ஸ் மைதானத்தில். அதன் பின்னர் யுத்தம் தொடங்கும் வரையில் நமக்குக் கிடைத்தவை ஆறே ஆட்டங்கள். 1936-இல் விஜயநகரம் மஹாராஜகுமாரர் தலைமையில் இங்கிலாந்து சென்றபோது, சிறந்த ஆட்டக்காரராகிய லாலா அமர்நாத்தை டெஸ்டுகளுக்கு முன்னமே ஊருக்குத் திருப்பி அனுப்பிய கூத்தும் நடந்தது. 24 ஆட்டங்கள் வரையில் ஒரு வெற்றியுமில்லை. இருபதாம் வருஷத்தில், 1952 பிப்ரவரி மாதத்தில், நம் சேப்பாக்கத்திலே, வினூ மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்தை இன்னிங்ஸ் தோல்வியுறச் செய்தோம். அந்த ஆட்டம் தொடங்கிய நாளிலேதான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். இருபது வருஷ தோல்வியைக் கண்டு, இந்தியருக்கு இவ்வாட்டம் வராது என்று கதவை அடைத்திருந்தால் நம் கதி என்ன? நியூஜிலாந்துக்கும் முதல் வெற்றிக்கு 26 வருஷம் பிடித்தது. அயர்லாந்தோ எட்டாவது டெஸ்டிலேயே, 2024 மார்ச்சு 1-ஆம் தேதி, அபுதாபியில் ஆப்கானிஸ்தானத்தை வென்றுவிட்டது. அடுத்த இரண்டு டெஸ்டுகளிலும் ஜிம்பாப்வேயை வென்றது. நம்மைவிட அவர்கள் மந்தமானவர்களல்லர்.

இனி நம்முடைய கணக்கைப் பார்ப்போம். பால்பர்னி தலைமையைத் துறந்த அதே 2023 ஜூலையில், சர்வதேசக் கௌன்சில் 2024 முதல் 2027 வரையுள்ள வருமானத்தைப் பங்கிடும் முறையை அங்கீகரித்தது. அதன்படி இந்தியாவின் பங்கு நூற்றுக்கு 38.5 என்றும், அயர்லாந்தின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 3 என்றும் பத்திரிகைகள் வெளியிட்டன. ஒருகாலத்தில் லண்டனிலிருந்தவர்கள் ஆட்டத்தின் சட்டதிட்டங்களையும் லாபத்தையும் தம் கையில் வைத்திருந்தார்கள். அதை நாம் அநீதியென்று கூறினோம். இன்று சாவி நம் இடுப்பில் இருக்கிறது.

நம் கட்சிக்கும் நியாயம் உண்டு. அவ்வருமானத்தின் பெரும்பகுதி இந்திய ஜனங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதால் வருகிறது; சம்பாதித்தவன் அதிகம் கேட்பது தவறா? தவறன்று. அதிகம் கேட்கலாம்; எவ்வளவு அதிகம் என்பதுதான் பிரச்னை. இவ்விடத்தில் ஒகேனக்கல்லுக்கு வருவோம்.

ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் காவிரியின் வரத்தை அளக்கிறார்கள். கர்நாடகம் நமக்கு விடவேண்டிய தண்ணீருக்கு அதுவே கணக்குப் புஸ்தகம். 2007-இல் நடுவர் மன்றம் வருஷத்துக்கு 192 டி.எம்.சி. என்று விதித்தது, 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை 177.25 என்று குறைத்தது. குறைத்தாலும், ராஜ்யங்களினூடே ஓடும் நதி எந்த ஒரு ராஜ்யத்துக்கும் தனிச்சொத்தன்று என்னும் கொள்கையை ஸ்திரப்படுத்தியது. அயர்லாந்து தோற்ற அதே 2023-இல் மழை பொய்த்தது. குறுவைப் பயிர் வாட, குறைவையும் விகிதப்படி பங்கிடவேண்டுமென்று நாம் சுப்ரீம் கோர்ட்டின் வாசலில் நின்றோம். மேட்டில் இருப்பவன் முதலிற் குடிக்கலாம். ஆனால் மடையை அடைக்கலாகாது. இதுவே நம் வாதம்.

காவிரியில் இந்நியாயம் பேசும் நாம், கிரிக்கெட் மைதானத்திலே மேட்டுப்பாசனக்காரராக மாறியதும் வேறு நியாயம் பேசலாமா? மழையை எவரும் சம்பாதிப்பதில்லை, பணத்தையோ நாம் சம்பாதிக்கிறோம் என்று சொல்லலாம். சரி. ஆனால் தனியே ஒருவன் ஆடி எந்த மைதானத்தை நிரப்பினான்? எதிரே நிற்க ஒரு கோஷ்டி இருந்தால்தானே ஆட்டம்; ஆட்டம் இருந்தால்தானே வருமானம்! நான்கைந்து தேசங்கள் தம்முள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், நாளடைவில் பார்ப்பவருக்கும் சலிப்புத் தட்டும். கடைமடை காய்ந்தால் தலைமடைக்காரனுக்கும் சந்தை இராது.

நாம் கோருவது தானமன்று, முறை. அதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. 1952-இல் பாகிஸ்தானும், 1992-இல் ஜிம்பாப்வேயும், 2000-இல் வங்காள தேசமும், 2018-இல் பெங்களூரிலே ஆப்கானிஸ்தானமும் தத்தம் முதல் டெஸ்டை ஆடியது நம்முடன்தான். புதியவருக்குக் கதவைத் திறந்துவிடும் பெருமை நமக்கு இருந்தது. அயர்லாந்தோடு மட்டும் 2018 முதல் 2025 முடிய ஒரு டெஸ்டும் நாம் ஆடவில்லை. 2023 ஆகஸ்டில் மாலஹைட்டுக்கு நம் கோஷ்டி சென்று குறுகிய ஆட்டங்களை ஆடித் திரும்பியதோடு சரி.

ஆகையால் இந்தியக் கிரிக்கெட் போர்டாருக்கு நாம் கூறுவது இது. அயர்லாந்தை அழைத்து ஒரு டெஸ்ட் ஆடுங்கள். நம் தேசம் முதல் வெற்றி கண்ட சேப்பாக்கத்திலேயே ஆடினால் இன்னும் பொருத்தம். நம் இளைஞர் கோஷ்டிகளை ஆண்டுதோறும் அங்கே அனுப்புங்கள். 2027-க்குப் பின் பங்கீடு மறுபடி பேசப்படும்போது, நம் பங்கில் ஒரு பகுதியைச் சிறு தேசங்களின் மைதானங்களுக்கும் டெஸ்டுகளுக்கும் விட்டுக்கொடுங்கள். நேயர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வெற்றியை மட்டும் கொண்டாடுவது சுலபம். 492 ரன்கள் எடுத்துத் தோற்றவனையும் மதிக்கப் பழகினால்தான், இருபது வருஷம் காத்திருந்த நம் முன்னோரின் பொறுமைக்கு நாம் வாரிசுகளாவோம். ஸ்வதந்திரம் பெற்ற தேசம் தனக்கு நேர்ந்த அநீதியைப் பிறருக்குச் செய்யாமலிருப்பதே அதன் ஸ்வதந்திரத்துக்கு அழகு.