ஸ்டீயரிங் பளபளக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள்!

புது காரின் லெதர் ஸ்டீயரிங்கைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அதில் பளபளப்பே இருக்காது. நாலைந்து வருடம் ஓட்டிய பிறகுதான் எண்ணெய் தடவியதுபோல மின்ன ஆரம்பிக்கும். அது பாலிஷ் அல்ல. கை வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசு எல்லாம் சேர்ந்து படிந்த அழுக்கு!

லெதருக்கு மேலே ஒரு நிறப்பூச்சு, அதற்கு மேலே நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. நம் கை படுவது இந்த மேல்பூச்சில்தான். வியர்வை, மோதிரம், வெயில் எல்லாம் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. கொரோனாவுக்குப் பிறகு சானிட்டைஸரும் சேர்ந்துகொண்டது. தடவிய ஈரம் காயும் முன் ஸ்டீயரிங்கைப் பிடித்தால், அதிலுள்ள ஆல்கஹால் பூச்சைப் பதம் பார்த்துவிடும்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. தேய்ந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பஞ்சுபோல நார் தெரிந்தால் அசல் லெதர். மெல்லிய தாள்போல உரிந்து, அடியில் துணி தெரிந்தால் அது செயற்கை லெதர். அதற்கு நிறம் பூசிப் பயனில்லை, மறுபடி உரியும். புதிதாக உறை தைப்பதுதான் வழி.

அசல் லெதர் என்றால் முதல் வேலை, சுத்தம். லெதர் கிளீனரைத் துணியில் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். நேரடியாக ஸ்டீயரிங் மேல் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். ஹாரனும் ஏர்பேக்கும் ஸ்விட்சுகளும் அங்கேதான் இருக்கின்றன. பல கார்களுக்கு இதுவே போதும். துணி கறுப்பாவதைப் பார்த்தால், இத்தனை நாள் இதைப் பிடித்த கையோடா பஜ்ஜி சாப்பிட்டோம் என்று தோன்றும்!

நிறமே போயிருந்தால், 1000 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, லெதருக்கான நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் வெடிக்கும். மெல்லிய பூச்சாக மூன்று, நான்கு முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் மேட் மேல்பூச்சு. இதைத் தவிர்த்தால் நிறம் உங்கள் கைக்கு வந்துவிடும். குறைந்தது ஒரு நாள் காரை எடுக்காமல் இருப்பது நல்லது.

தேங்காய் எண்ணெய், டாஷ்போர்டு பாலிஷ் இரண்டும் கூடவே கூடாது. பார்க்க அழகாக இருக்கும், அவசரத்தில் திருப்பும்போது கை வழுக்கும். அளவு சேராத மாட்டும் கவரும் அப்படித்தான். ஸ்டீயரிங் நின்ற இடத்தில் நிற்க, கவர் மட்டும் சுற்றும். கவர்தான் வேண்டுமென்றால் நூலால் இறுக்கித் தைப்பதை வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் காரிலேயே தைத்துத் தரும் கடைகள் உண்டு.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மீட்டர் 30,000 கி.மீ. காட்டி, ஸ்டீயரிங் வழவழவென்று தேய்ந்திருந்தால் சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். ஸ்டீயரிங் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், குனிந்து பிரேக் பெடலின் ரப்பரையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை.