ஒரே குடும்பம், இரண்டு சான்றிதழ்

டிசம்பர் பிறந்ததும் கோவை மாவட்டத்து நம் காலனிகளில் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் கட்டுகிறோம். அண்ணன் ஞானஸ்நானம் பெற்றிருப்பார். தம்பி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பார். குடிலுக்கு வைக்கோல் பரப்புவதும் கச்சாயம் சுடுவதும் இரு வீட்டாரும் சேர்ந்துதான்.

பிரிப்பது சாதிச் சான்றிதழ். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். அதனால் தம்பி மகள் பட்டியல் சாதி. அண்ணன் மகள் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர். சாதி சொல்லி அடிப்பவன் மதம் கேட்பதில்லை. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கேட்கிறது.

இதை மாற்றக் கோரி 19.4.2023 அன்று நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணையைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம்.