புலிக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்



அம்மாவின் தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நேராக நில்லுங்கள். தரையிலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அண்ணனையோ அக்காவையோ அளக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்கு 115 சென்டிமீட்டர் வந்தது. எனக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்!

டீச்சருக்கு அறுபத்தைந்து வயதாகியும் வளரவில்லையா என்று சிரிக்காதீர்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். முதுகுத்தண்டில் அடி. அன்று முதல் சக்கர நாற்காலிதான் எனக்குக் கால். அதில் உட்கார்ந்து பார்த்தால், உலகம் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியும் உயரத்தில்தான் தெரியும்.

சென்ற ஆண்டு என் மகன் என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்தான். "அம்மா, மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம்" என்றான். எனக்கு ஆசைதான். ஆனால் பயம். விமானத்தில் எப்படி ஏறுவது?

அது ஒரு தனிக்கதை. விமானத்துக்குள் நடுவழி ஒன்றரை அடி சொச்சம்தான் இருக்கும். என் நாற்காலியின் அகலமோ இரண்டடி. ஆகவே விமானத்தின் வாசல் வரை என் நாற்காலி. அங்கே ஒல்லியான வேறொரு நாற்காலி தயாராக இருந்தது. அதில் என்னை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, என் இருக்கைக்கு உருட்டிச் சென்றார்கள். என் நாற்காலிக்கு ஒரு சீட்டுக் கட்டி, பெட்டிகளோடு கீழே ஏற்றிவிட்டார்கள். மகன் இரண்டு நாட்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான். அப்படிச் சொன்னால்தான் இதற்கெல்லாம் ஆள் ஏற்பாடு செய்ய முடியும். நான்கு மணி நேரப் பயணம். கழிவறைக்கு எழுந்து போக முடியாதே என்று தண்ணீரே குடிக்கவில்லை. இது நல்ல பழக்கம் இல்லை, நீங்கள் பின்பற்றாதீர்கள்!

சிங்கப்பூரில் நகரப் பேருந்துகள் எல்லாமே 2020 டிசம்பரிலிருந்து சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. ஓட்டுநரே இறங்கி வந்து, வாசலில் மடக்கி வைத்திருக்கும் பலகையை விரித்துப் போடுகிறார். நாற்காலி உருண்டு ஏறியதும் பலகையை மடக்கிவிட்டுப் போய் வண்டியை எடுக்கிறார். யாரும் முணுமுணுக்கவில்லை. (சென்னையிலும் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின.)

மண்டாய் என்னும் இடத்தில், நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது அந்த மிருகக்காட்சி சாலை. 1973-ல் திறக்கப்பட்டது. பரப்பு 28 ஹெக்டேர்தான். நம் வண்டலூர்ப் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். அதாவது இருபது மடங்குக்கும் மேல்! அடேயப்பா என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் நாற்காலியைத் தள்ளுபவருக்குச் சின்னப் பூங்காதான் பிடிக்கும்.

உள்ளே நுழைந்து கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே உராங் உட்டான்கள். கூண்டு இல்லை. மரத்துக்கு மரம் கயிறு கட்டி விட்டிருக்கிறார்கள். அவை பாட்டுக்கு நடமாடுகின்றன. நின்றவரும் உட்கார்ந்தவரும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தோம். அந்த இடத்தில் யாருக்கும் யாரும் மறைக்கவில்லை.

வேறோர் இடத்தில் கூட்டம். எனக்கும் பேரனுக்கும் தெரிந்தது வரிசையாக முதுகுகளும் பைகளும்தான். "பாட்டி, உங்களுக்கு என்ன தெரியுது?" என்றான். "ஒரு சிவப்புப் பை" என்றேன். "எனக்கும்!" என்றான்.

சிரித்தோம். ஆனால் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1991-ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம் வழியாக, பஸ் பிடித்து வண்டலூருக்குச் சுற்றுலா. என் வகுப்பில் ஒரு பையன். இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் சூம்பிப்போனவன். காலில் இரும்புக் காலிப்பர், கையில் ஊன்றுகோல். (அந்த நோய் இப்போது நம் நாட்டில் இல்லை. இயற்கையாகப் பரவும் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது 2011-ல். நீங்கள் போட்டுக்கொண்ட சொட்டு மருந்தின் வேலை அது.)

சுற்றுலாப் பணத்தை முதலில் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். "ரொம்ப தூரம் நடக்கணும்பா, உனக்குக் கஷ்டம்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் மற்ற பிள்ளைகள் புலியைப் பற்றிப் பேசியபோது, "கிட்ட இருந்துச்சா? எவ்ளோ பெருசு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவனுடைய கஷ்டத்தை நான் அவனிடம் கேட்கவே இல்லை. நானே முடிவு செய்துவிட்டேன்.

சரி, பூங்காவுக்கு வருவோம். புலிக்கும் நமக்கும் நடுவே கம்பி இல்லாமல் வைக்கலாம் என்று காட்டியவர் கார்ல் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர். 1907-ல் ஹாம்பர்க் நகரில் அவர் திறந்த பூங்காவில், விலங்குகளுக்கு முன்னால் கோட்டைகளில் இருப்பது போல் அகழி வெட்டியிருந்தார். புலியால் தாண்ட முடியாது. பார்ப்பவர் கண்ணுக்கோ அகழி தெரியாது, புலி திறந்த வெளியில் நிற்பது போலத் தோன்றும். நம் வண்டலூரிலும் இந்த முறைதான். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பிறந்த சென்னை மிருகக்காட்சி சாலை, 1985-ல் வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டபோது, கூண்டுகளை விட்டுவிட்டு அகழிக்கு மாறியது.

விலங்குகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அகழி இருந்தால், நாம் விழாமலிருக்க இந்தப் பக்கம் ஒரு கைப்பிடிச் சுவர் வேண்டுமே! நின்று பார்ப்பவருக்கு அது இடுப்புயரம். சக்கர நாற்காலிக்காரருக்கும் உங்கள் தங்கைக்கும் அது மூக்குயரம். புலிக்குப் பதிலாகச் சிமெண்ட் தெரியும்! தங்கையை அப்பா தோளில் தூக்கிக்கொள்வார். என்னை யார் தூக்குவது?

இதற்கு வழி கண்ணாடி. குட்டை நீர்யானை இருக்கும் குளத்துக்கு அங்கே கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு விலங்கு அது. பெரிய நீர்யானை 1500 கிலோவுக்கும் மேல் எடை இருக்கும். இது 200 கிலோ சொச்சம்தான். தண்ணீருக்குள் அது தரையில் கால் ஊன்றி நடந்து வந்து, என் முகத்துக்கு நேரே நின்றது. நின்றுகொண்டிருந்த பெரியவர்கள் எங்களைப் போலப் பார்க்க வேண்டும் என்று குனிந்தார்கள்! பக்கத்திலேயே இருக்கும் ஆற்று விலங்குப் பூங்காவில் 22 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரத்தில் ஒரே கண்ணாடித் தொட்டி. உள்ளே மனாட்டிகள். நம் மன்னார் வளைகுடாவில் வாழும் ஆவுளியாவின் சொந்தக்காரர்கள் அவர்கள். அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன். பேரன்தான் ஐஸ்க்ரீம் என்று இழுத்துக்கொண்டு போனான்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு கணக்குப் போட்டோம். நீங்களும் போடலாம். ஓர் அங்குல உயரம் ஏற, சாய்தளம் 12 அங்குல நீளம் இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் செங்குத்தாகிவிடும், நாற்காலி பின்னால் சாயும். எங்கள் வீட்டில் ஆறு அங்குலப் படி இரண்டு. அப்படியானால் 12 அடிச் சாய்தளம். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருப்பதோ ஏழடி! அதனால் பாதியில் திருப்பிக் கட்டினோம். உங்கள் பள்ளிப் படிகளை அளந்து, எத்தனை அடி வரும் என்று பாருங்கள்.

மெரினா கடற்கரை மணலில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டு, 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. திரும்பச் சரிசெய்தார்கள். அந்தப் பாதையில்தான் நான் பல ஆண்டுகளுக்குப் பிறகு அலைக்குப் பக்கத்தில் போனேன்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? இப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புக் கதவு, கைப்பிடி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து வந்ததும் தொலைபேசியில் பேசி, அன்று பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இன்றுவரை வண்டலூர் போனதில்லையாம்.

"இப்ப அங்க சக்கர நாற்காலி கேட்டா தர்றாங்க, பேட்டரி வண்டியும் ஓடுது. என் பேரனும் வர்றான். நீயும் வர்றியாப்பா?" என்று கேட்டேன். "உனக்குக் கஷ்டமா இருக்குமா?" என்றும் இந்த முறை கேட்டேன்.

"கஷ்டம் இருந்தா அங்க போய்ப் பாத்துக்கலாம் டீச்சர். செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம், பூங்காவுக்கு லீவு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "டேப் எடுத்துட்டு வரேன். அந்தச் சுவர் எவ்ளோ உயரம்னு அளக்கணும்" என்றார்.