உண்டும் பட்டினி கிடக்கும் மீன்

ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால் நீர் கெட்டுவிட்டது என்று ஊரார் உடனே உணர்கின்றனர். மிதக்கவில்லையெனில் நீர் நலமாக உள்ளது என்று கருதிவிடுகின்றனர். இக்கருத்து சரிதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

நாம் குளங்களில் வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விராலுக்கு உள்ளதுபோல் இவற்றிற்கு இரைப்பை இல்லை. உண்ட உணவு நேரே குடலை அடைகிறது. அங்கே டிரிப்சின் என்னும் நொதி புரதத்தையும், அமிலேஸ் மாவுப்பொருளையும், லிப்பேஸ் கொழுப்பையும் சிதைக்கின்றன.

நொதியின் இயல்பை நான் மாணவர்க்கு ஓர் எளிய சோதனையால் விளக்குவது வழக்கம். மாவுக் கரைசலில் அயோடின் இட்டால் கருநீலம் தோன்றும். உமிழ்நீர் கலந்து சிறிது நேரம் வைத்திருந்து இட்டால் தோன்றாது. உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் மாவைச் சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. ஆனால், உமிழ்நீரை முன்னரே கொதிக்கவைத்துவிட்டால் கருநீலம் தோன்றியே தீரும். ஏனெனில், வடிவம் குலைந்த நொதி வேலை செய்யாது.

வெப்பம் செய்யும் இக்கேட்டைப் பாதரசம், காட்மியம், செம்பு முதலிய உலோகங்கள் வேறு வழியிற் செய்கின்றன. ஆலைக் கழிவோடு நீரிற் கலக்கும் இவை, செவுள் வழியாகவும் இரை வழியாகவும் மீனின் உடலுட் புகுகின்றன. நொதியோடு ஒட்டிக்கொண்டு அதன் வடிவைக் குலைக்கின்றன. மேலும், கெண்டையின் கணையம் தனி உறுப்பாக இராமல் ஈரலினூடும் குடலைச் சுற்றியும் பரவிக் கிடக்கிறது. நஞ்சைத் தாங்கும் ஈரல் நலியும்போது, நொதி சுரக்கும் இடமும் உடன் நலிகிறது. சிறிதளவு நஞ்சு சில நொதிகளின் வேகத்தை முதலில் மிகுவிப்பதும் உண்டு. அதனை நலமென்று கொள்ளலாகாது. அஃது உடல் நஞ்சோடு போராடுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இதன் விளைவு யாது? மீன் இரை உண்கிறது. உண்டது உடலில் ஒட்டுவதில்லை. வளர்ச்சி குன்றுகிறது; முட்டைகளும் குறைகின்றன. மீன் மிதப்பதில்லை, ஆயினும் குளம் வறுமையுறுகிறது.

நொய்யலாற்றின் குறுக்கே 1992-ஆம் ஆண்டு பாசனத்திற்காக அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் அச்சாயச்சாலைகளை மூடுமாறு ஆணையிட்டது 2011-ஆம் ஆண்டில். இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. கண்ணுக்குத் தெரியும் கேட்டைத் தடுக்கவே இத்துணைக் காலமாயின், தெரியாத கேட்டிற்கு எத்துணைக் காலம் ஆகும்?

ஆகவே, மீன் சாகும்வரை காத்திருத்தல் கூடாது. ஆண்டுதோறும் ஒரே வயதுடைய மீன்களை நிறுத்துப் பார்த்து எடையைக் குறித்துவைத்தல் நன்று. இரை குறையாதிருந்தும் எடை குறையுமாயின், நீரைச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். மீனவர் கையிலுள்ள தராசும் ஓர் ஆராய்ச்சிக் கருவியே.