மரத்தாலாகிய சித்திரம்

வண்ணம் குழைத்துச் சுவரிலும் சீலையிலும் சித்திரம் எழுதுதல் யாவரும் அறிந்ததே. வண்ணத்தை ஒரு துளியும் தொடாமல், இயற்கையாகவே வெவ்வேறு நிறமுடைய மரத்துண்டுகளை அறுத்து, இடைவெளி தோன்றாதபடி ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு பறவையையோ மலர்க்கொத்தையோ கண்முன் நிறுத்துவதும் ஒருவகைச் சித்திரமேயாம். இதனை மேனாட்டார் 'இன்டார்சியா' என வழங்குவர். தச்சுப் பட்டறையின் மூலையிற் குவிந்து கிடந்து, இறுதியில் அடுப்புக்கு இரையாகும் துண்டுமரங்களே இத்தொழிலுக்குப் பொருள். ஓய்வு நேரமும் பொறுமையுமே முதல். ஆனைமலையூரில் வாழும் யாம் சில ஆண்டுகளாக இதனைப் பயின்று, பிழைகள் பல செய்து, அப்பிழைகளால் சிலவற்றைக் கற்றோம். அவற்றை நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்கட்கு உரைக்க விரும்புகின்றோம்.

தோற்றமும் வகையும்

இக்கலை பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டிற் பெருஞ்சிறப்பு எய்தியது. உர்பினோ நகரத்துக் கோமான் பெடெரிகோ த மொன்டெபெல்ட்ரோ என்பார் தமது படிப்பறைச் சுவர்களை மரச்சித்திரங்களால் அணிசெய்வித்தார். குப்பியோ என்னும் ஊரிலிருந்த அவருடைய மற்றோர் அரண்மனைக்காக 1478 முதல் 1482 வரையில் இயற்றப்பட்ட இத்தகைய அறையொன்று இப்பொழுது நியூயார்க் மெட்ரோபாலிடன் கண்காட்சிச் சாலையில் உளது. அதனுட் புகுவார்க்குப் பாதி திறந்த அலமாரிகளும், அவற்றுள் நூல்களும், இசைக்கருவிகளும் வைக்கப்பட்டிருப்பன போலத் தோன்றும். அருகே சென்று நோக்கின், அனைத்தும் சமதளமான சுவரிற் பதித்த மரத்துண்டுகளே என்பது புலனாகும்.

அயல்நாட்டுக் கலை இதுவென நினைந்து நாம் ஒதுங்க வேண்டுவதில்லை. இதற்கு மிக நெருங்கிய உறவினது மைசூரின் உட்பதிப்பு வேலை. அங்கே ஈட்டிப் பலகையிற் பள்ளம் தோண்டி, யானைத் தந்தத்தை உருவங்களாக அறுத்துப் பதிப்பது பண்டை வழக்கம். 1912-இல் கட்டி முடிக்கப்பெற்ற மைசூர் அரண்மனையில், அம்பா விலாச மண்டபத்தின் ஈட்டிக் கதவிலே தந்தப் பதிப்பு வேலையை இன்றும் காணலாம். தந்த வாணிகம் சட்டத்தால் விலக்கப்பட்ட பின்னர், அத்தொழிலாளர் பல நிற மரங்களைக் கொண்டே யானைகளையும் சோலைகளையும் நாட்டுப்புறக் காட்சிகளையும் அமைத்து வருகின்றனர்.

இரண்டற்கும் உள்ள வேறுபாடு யாதெனில்: உட்பதிப்பில் அடிப்பலகை ஒன்று வெளிப்பட நின்று, அதன் பள்ளங்களில் துண்டுகள் அமரும், முடிவில் மேற்பரப்பு முழுதும் ஒரே மட்டமாய் இழைக்கப்படும். இக்காலத்து வீட்டுப் பட்டறைகளிற் செய்யப்படும் இன்டார்சியாவிலோ, துண்டுகளே ஒன்றையொன்று தழுவி நிற்கும். பின்னே ஒட்டிய பலகை கண்ணுக்குத் தோன்றாது. துண்டுகளின் கனமும் வேறுபடும். யானையின் துதிக்கை முன்னே புடைத்தும், காது சற்றே தாழ்ந்தும், தொலைவிலுள்ள மலை இன்னும் தாழ்ந்தும் அமையும். ஆகவே இது சித்திரத்திற்கும் சிற்பத்திற்கும் இடைப்பட்டதென்னலாம்.

கருவி

வளைவும் நெளிவுமாக மரத்தை அறுத்தற்கு அகன்ற அலகுடைய வாள் உதவாது. நூல்போன்ற மெல்லிய அலகே வேண்டும். வில்போல் வளைந்த இரும்புச் சட்டத்தில் அவ்வலகை மாட்டிக் கையால் அறுப்பது பழைய முறை. மைசூர்த் தொழிலாளர் நுட்ப வேலைக்குக் கொண்டதும் இத்தகைய வாளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தையல் எந்திரம்போல் மிதிபலகையால் இயங்கும் வாள்கள் மேனாட்டு இல்லங்களிற் பரவின. இப்பொழுது மின்மோட்டாரால் இயங்கும் 'ஸ்க்ரோல் வாள்' வழக்கில் உளது. 1932-இல் பைக்காரா மின்சாரம் தோன்றிய பின்னர் ஆலைகளாலும், பின்பு மோட்டார், பம்பு முதலியவற்றாலும் பெயர்பெற்ற கோயம்புத்தூர்ப் பகுதியில் வாழ்வார்க்கு, மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இவ்வெந்திரத்தில் சுமார் 5 அங்குல நீளமுள்ள அலகு, மேலும் கீழும் இரு கைகளுக்கிடையே பிணிக்கப்பட்டு, நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 முதல் 1600 முறை ஏறியிறங்கும். வாள் நின்ற இடத்தில் நிற்கும். மரமே மேசையின்மேல் நகர்ந்து திரும்பும். இதனைக் கைகள் பழகிக்கொள்ளச் சில நாட்கள் செல்லும். மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, அலகின் பற்கள் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். இன்றேல் மரம் துள்ளி எழும். இரண்டாவது, அலகு வீணைத் தந்திபோல் முறுக்கேறி, விரலால் தெறித்தால் தெளிந்த ஒலி தரவேண்டும். தளர்ந்த அலகு கோட்டினின்றும் விலகி ஓடும். மூன்றாவது, மேசைக்கு அலகு நேர் செங்குத்தாக நிற்றல் வேண்டும். சிறிது சாய்ந்தாலும் துண்டின் மேல்முகம் ஓரளவும் அடிமுகம் வேறளவுமாகி, பொருத்தம் கெடும்.

மரத்தைத் தள்ளுவதில் அவசரம் ஆகாது. வாள் உண்ணும் அளவுக்கே ஊட்ட வேண்டும். வன்மையாய்த் தள்ளினால் அலகு முறியும், மரம் கருகும்.

நம் நாட்டு மரங்களின் நிறம்

இக்கலையில் நிறக்கிண்ணம் என்பது மரக்கிடங்கே. தேக்கு பொன்னிறங் கலந்த பழுப்பு. பலா அறுத்த புதிதில் நல்ல மஞ்சள். காற்றும் ஒளியும் பட்டு நாளடைவில் தவிட்டுப் பொன்னிறமாகும். மஞ்சக்கடம்பு பெயருக்கேற்ற நிறமுடையது. வெட்பாலை தந்தம்போல் வெண்மையானது. சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைவதற்கு உதவுவதும் அதுவே. வேம்பின் வைரம் செம்பழுப்பு. பூவரசின் உட்பகுதி கருஞ்சிவப்பாகவும் வெளிப்பகுதி வெளிறியும் இருத்தலால், ஒரே துண்டில் ஒளியும் நிழலும் கிடைக்கும். முதிர்ந்த புளியமரத்தின் சேகு ஊதாக் கலந்த கருமை. நம்மூரைச் சூழ்ந்துள்ள தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படும் தென்னையின் புறப்பகுதி, கரும்புள்ளிகள் சிதறிய அழகுடையது. மீனின் செதிலுக்கும் கோழியின் இறகுக்கும் அதனினும் ஏற்றது யாம் கண்டதில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக்கில், பின்னல் வேலைபோன்ற வெள்ளிப் புள்ளிகள் தோன்றும்.

நிறத்தினும் சிறந்தது ரேகை. ஆற்றுக்கு ரேகை படுக்கையாக ஓடவேண்டும், அருவிக்கு நெட்டுக்குத்தாக, பறவையின் சிறகுக்கு இறகு செல்லும் திசையில். ரேகை முரண்பட்டால் எத்துணைப் பொருத்தமான நிறமும் உயிரற்றுத் தோன்றும்.

செய்ம்முறை

எம் பட்டறையில் அமைத்த இருவாய்ச்சிப் பறவையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆனைமலைக் காடுகளில் வாழும் பெரிய இருவாய்ச்சிக்கு உடல் கருமை; கழுத்தும் வாலும் வெண்மை; வாலின் குறுக்கே ஒரு கரும்பட்டை; அலகும் அதன்மேலுள்ள கொண்டையும் மஞ்சள்.

முதலில் பறவையை இயற்கை அளவிற்குச் சிறிது குறைத்துத் தாளில் வரைந்து, நிறம் மாறும் இடந்தோறும் கோடிட்டுத் துண்டுகளாகப் பகுத்தோம். ஒவ்வொரு துண்டிற்கும் எண்ணும், ரேகைத் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இட்டோம். மூலப்படத்தைக் கைபடாமல் வைத்துக்கொண்டு, படியொன்றைத் துண்டு துண்டாக நறுக்கி, உரிய மரத்தின்மேல் ஒட்டினோம். மரத்தின் கனம் முக்கால் அங்குலம். பின்னர்க் கோட்டின் மேலேயே அறுத்து, மூலப்படத்தின்மீது ஒவ்வொன்றாக அடுக்கினோம். ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் எங்கே கீற்று ஒளி தோன்றுகிறதோ அங்கே பொருத்தம் போதாது. அரத்தால் மெல்லத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். கண்ணுக்குரிய துளைபோன்ற உள்வெட்டுக்கு, முதலில் துரப்பணத்தால் துளையிட்டு, அலகைக் கழற்றி அதனூடு கோத்து அறுக்க வேண்டும்.

பொருத்தம் முடிந்தபின் உயர்வு தாழ்வு அமைத்தல். அலகின் அடியிற் சிறு பலகை அண்டை கொடுத்து உயர்த்தினோம்; வாலை இழைத்துத் தாழ்த்தினோம். ஓரங்களை உளியாலும் அரத்தாலும் உருட்டி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நுண்ணிய தாள்வரை ரேகையின் வழியே தேய்த்தோம். பின் அனைத்தையும் ஒட்டுப்பலகையின்மேல் பசையால் ஒட்டினோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுமுன் ஸ்பிரிட்டு நனைத்த துணியால் துடைத்தாலன்றிப் பசை நன்கு பற்றாது. கடைசியில் மெல்லிய அரக்கு மெருகு ஏற்றினோம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மரத்தூள் தீங்கற்றது என்று பலரும் எண்ணுவர். வன்மரத் தூளை நெடுங்காலம் உட்கொள்வோர்க்கு மூக்கிற் புற்றுநோய் வருதல் மருத்துவர் கண்ட உண்மை. முகமூடியின்றி வாள்முன் அமர வேண்டா.

எமது பிழை

நிற்க, எம் முதற் படைப்பின் கதையையும் சொல்லுதல் கடன். ஆடி மாதத்திற் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் நாட்களில், அறுத்துச் சில வாரங்களேயான மாமரத்தைத் தேக்கோடு இணைத்து ஒரு கோயிற் கோபுரம் செய்தோம். மயிரிழை நுழையாத பொருத்தம் என்று கண்டோர் புகழ்ந்தனர். பங்குனி வெயிலில் மாத்துண்டுகள் சுருங்கின. கோபுரத்தில் விரிசல்கள் ஓடின. மரம் ரேகையின் நெடுக்கில் ஏறத்தாழச் சுருங்குவதில்லை, குறுக்கிலேயே சுருங்கும். தேக்கு மிகக் குறைவாகச் சுருங்கும் இயல்பினது. கப்பல் கட்டுவோர் அதனைத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றுமுதல், துண்டின்மேல் தேதி எழுதி, நிழலிற் காற்றாட அடுக்கி, ஓராண்டேனும் கழியாத மரத்தை யாம் தொடுவதில்லை.

எம்மரம் கொள்வது?

இருவாய்ச்சியின் கரிய சிறகுக்கு ஈட்டியே ஏற்றதென்று முதலில் எண்ணினோம். ஒருவர் ஈட்டிப் பலகையொன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாக வந்தார். எங்கே கிடைத்தது என்று வினவினோம்; விடையில்லை. அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தோம்.

நம் மலையின் வரலாறு மரத்தின் வரலாறே. கப்பல்களுக்கும், பின்னர் இருப்புப்பாதைக் கட்டைகளுக்குமாக ஆனைமலைத் தேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓய்வின்றி வெட்டப்பட்டது. மரங்களை மேலிருந்து சரிவில் உருட்டி விட்ட இடமே டாப் ஸ்லிப் எனப் பெயர்பெற்றது. 1856-இல் சென்னை மாகாணத்து வனத்துறைக்குத் தலைவரான டாக்டர் கிளெகார்ன் முதலானோர் இவ்வழிவைக் கண்டு எச்சரித்தனர். பின்வந்த ஹ்யூகோ வுட் என்னும் வன அதிகாரி, வெட்டிய அடிமரத்தினின்றும் மறுதுளிர் கிளைக்கச் செய்தும், விதையூன்றியும் காட்டை மீட்டார். நடக்குந்தோறும் தம் கைத்தடியால் நிலத்திற் குழியிட்டுத் தேக்கு விதையை இட்டுச் செல்வார் என்று இன்றும் சொல்வர். 1933-இல் மறைந்த அவரது கல்லறை டாப் ஸ்லிப்பை அடுத்த மரங்களிடையே உளது. தம் நினைவுச்சின்னத்தைக் காண விழைவோர் சுற்றிலும் நோக்குக என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அதன்மேற் பொறிக்கப்பட்டுளது.

தேக்கு தோட்டமாக வளரும். ஈட்டி அவ்வளவு விரைவில் வளர்வதன்று. அதனைக் காக்கவே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017-இல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டின்கீழும் அம்மரம் கொணரப்பட்டது. இருவாய்ச்சியோ முதிர்ந்த பெருமரங்களின் பொந்திலேயே முட்டையிடும். பேடு உள்ளே அடைபட்டிருக்க, ஆண் பறவை இரைகொண்டு வந்து சிறு துவாரத்தின் வழியே ஊட்டும். அப்பறவையின் உருவத்தைச் சமைக்க அதன் காட்டையே களவாக வெட்டுதல் எத்தகைய முறைமை? பலகையை வாங்காமல் அவரை அனுப்பிவிட்டோம். பக்கத்துத் தோட்டத்திற் காற்றுக்கு வீழ்ந்த கிழப் புளியமரத்தின் சேகு அச்சிறகாயிற்று. கருமை சிறிது குறைவே. ஆயினும் அதனைக் காணுந்தோறும் எம் உள்ளம் உறுத்துவதில்லை.

முடிவுரை

கைத்தொழில் கற்றவர்க்கு இழிவன்று. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் என்னும் ஊரில் 1878-இல் மிஷனரிமார் தொழிற்சாலைப் பள்ளி தொடங்கியபோது, நூலறிவும் கையறிவும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்பதே அவர்தம் கருத்து. அவ்வூரின் பெயரும் ஒரு தச்சர் வளர்ந்த ஊரின் பெயரன்றோ! நண்பர்களே, அடுத்த விடுமுறையில் அருகிலுள்ள தச்சாசாரியாரிடம் சென்று, அவர் கழித்த துண்டுகளில் ஒரு கூடை கேட்டுப் பெறுங்கள். எந்த மரம் எது என்று அவரே சொல்வார்; முகர்ந்தும் தடவியும் கற்றுக்கொள்ளுங்கள். எளிய இலையொன்றில் தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டும் எங்கு நின்ற மரத்தினின்றும் வந்தது என்று சொல்லக்கூடிய நிலையிலே உங்கள் சித்திரம் முடியுமாயின், அதுவே அதன்மேல் ஏற்றும் முதல் மெருகு.