உங்களுக்குத் தெரியுமா? 44 செ.மீ. குறைந்ததால் பட்டம் பறிபோன மலை!

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உயர்ந்த தனி மலைகளை 'மன்றோ' என்பார்கள். 1891-இல் முதல் பட்டியலை வெளியிட்டவர் சர் ஹியூ மன்றோ. இன்று அதில் 282 மலைகள். அத்தனையும் ஏறி முடிப்பது பலருக்கு வாழ்நாள் லட்சியம்.

உயரத்தை அளந்துவிடலாம். ஒரே முகட்டில் இரண்டு உச்சிகள் நின்றால் அது ஒரு மலையா, இரண்டா? அங்கேதான் வம்பு. இடையில் எத்தனை அடி இறங்கி ஏறினால் தனி மலை என்று மன்றோ சொல்லவே இல்லை. பின்னால் வந்த 'கார்பெட்' பட்டியல் கறார்: 2,500 முதல் 3,000 அடி உயரம், சுற்றிலும் குறைந்தது 500 அடி இறக்கம்.

அளவு விஷயத்தில் மன்றோ பட்டியலும் ஈவிரக்கம் பார்ப்பதில்லை. 3,000 அடி என்பது 914.4 மீட்டர். பென் அ ஹ்லாய்வ் மலையின் உச்சியில் ஜிபிஎஸ் கருவியை நிறுத்தி அளந்தபோது வந்தது 913.96. 2012-இல் பெயரை அடித்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் அடிரோண்டாக் மலையேறிகளோ நேரெதிர். 4,000 அடி என்று வகுத்த அவர்களது 46 சிகரங்களில் நான்கு, மறு அளவையில் குட்டை என்று தெரிந்தது. மரபு என்று சொல்லி அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால், பிந்தைய ஓர் அளவையில் சரியாக 4,000 அடி காட்டிய மெக்நாட்டன் மலையை மட்டும் உள்ளே விடவில்லை!